செங்கோடன் கொண்டுபோன மயில்

பொட்டலூரில் மழை பொய்த்தாலும் புத்தி பொய்த்ததில்லை என்று அந்த ஊர்க்காரர்களே சொல்லிக்கொள்வார்கள். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த ஊர்ச் செங்கோடனுக்கு வடிவு என்றால் உயிர். அவள் அப்பா பேச்சிமுத்து ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

"எங்க வம்சத்துல மாப்பிள்ளை மயிலோட வந்தாத்தான் பொண்ணு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா வேற இடம்."

"மயில் எப்படி இருக்கும் மாமா?"

"வால் நீளமா இருக்கும். நகம் இருக்கும். முட்டை போடும். மழைக்கு ஆடும். பிடிச்சா விட்டுடாதே."

செங்கோடன் விரல்விட்டு எண்ணி மனப்பாடம் பண்ணிக்கொண்டான். கூட்டாளிகள் மாசானத்தையும் பூச்சியையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனான். பாறைமேல் ஒரு உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"வால் நீளம்தான், நகமும் இருக்கு" என்றான் மாசானம்.

"முட்டை?"

"போடுவியான்னு கேட்டேன். இல்லேன்னு சொல்லலியே."

பூச்சி மட்டும் தலையைச் சொறிந்தான். "மயிலுக்கு இறகு உண்டுன்னு கேள்வி."

"உதிர்ந்திருக்கும்லே! எங்க அப்பாவுக்கு முடி பூரா உதிர்ந்துபோச்சு. அதுக்காக அவரு எங்க அப்பா இல்லேன்னு ஆயிருமா?" என்றான் மாசானம்.

இதற்குமேல் பேச என்ன இருக்கிறது? செங்கோடன் பாய்ந்து வாலைப் பிடித்தான். மாமா சொன்னபடி விடவே இல்லை. உடும்பு அவன் முதுகில் ஏறி நகத்தைப் பதித்தது. அதுவும் விடவில்லை.

மழைக்கு ஆடுமா என்று பார்க்கப் பூச்சி ஒரு குடம் தண்ணீரை ஊற்றினான். நகம் இன்னும் ஆழமாக இறங்கியது. "ஐயோ, அம்மா!" என்று செங்கோடன் துள்ளிக் குதித்தான்.

"என்னா ஆட்டம்லே!" என்று மாசானம் கண்கலங்கினான்.

வெள்ளிக்கிழமை மேளதாளத்தோடு போய் இறங்கினார்கள். முதுகில் உடும்போடு நின்ற செங்கோடனைப் பேச்சிமுத்து சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அவரும் பொட்டலூர்க்காரர்தான்.

"ஏலே, இதுல மயில் எது?"

கூட்டாளிகள் திகைத்தார்கள். வழி நெடுக யாருக்கும் இந்தச் சந்தேகம் வரவில்லை. வடிவு கைநழுவிப் போய்விடுவாளோ என்று செங்கோடன் உடும்பின் வாலை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"மயிலுக்கு ரெண்டு கால்" என்றார் மாமா. "இதுல ரெண்டு கால் யாருக்கு?"

"செங்கோடனுக்கு."

"மயில் மழைக்கு ஆடும். இதுல ஆடினது யாரு?"

"ஒரு குடம் தண்ணி ஊத்திப் பாத்தோம். அதுவும் செங்கோடன்தான்."

"அப்புறம் என்னலே யோசனை!"

உடும்பைப் பக்குவமாகப் பிரித்தெடுத்து, பட்டு வேட்டி சுற்றி மணவறையில் உட்காரவைத்தார்கள். செங்கோடனை மயில்கூண்டில் அடைத்து, முன்னால் ஒரு கை கம்பு தூவினார்கள்.

செங்கோடன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆனந்தக் கண்ணீர் விட்டான்.

"லே மாசானம்! மாமா மயிலை ஏத்துக்கிட்டாருலே! இனிமே வடிவு எனக்குத்தான்!"