டவர் பிள்ளைகளுக்குப் பொந்து கிடையாதாம்!

ஏரிக்கரை ஆலமரம் முழுக்க அணில்கள்தான். அவற்றில் வெள்ளாத்தா என்ற சினை அணில் மட்டும் கரையில் நின்ற செல்போன் டவரின் பெட்டிக்குள் கூடு கட்டினாள். நல்ல கதகதப்பு! அவளுக்கு ஒரே பெருமை.

"அடிப் பாவி! வயிற்றுப் பிள்ளைக்காரி படுக்கிற இடமா அது? டவர் அலை பட்டால் பிள்ளைகள் தறிகெட்டுப் போகும்!" என்று கத்தினாள் மைனா மாரக்கா.

"பிறக்கட்டும், அப்புறம் பார்!" என்றாள் வெள்ளாத்தா.

தங்கம் தங்கமாய் மூன்று குட்டிகள் பிறந்தன. ஒன்று துள்ளினால், "டவர் கோளாறு!" என்பாள் மாரக்கா. ஒன்று தூங்கினால் அதற்கும் டவர் கோளாறுதான்! ஊர் வாயை மூட முடியுமா?

கார்காலம் நெருங்கியது. டவர்க்காரர்கள் பெட்டியை அடைத்துவிட்டார்கள். இனி ஆலமரத்துப் பொந்தில் இடம் கிடைத்தால்தான் குட்டிகள் மழைக்குப் பிழைக்கும்.

வெளியில் பிறந்து வருகிறவர்களுக்கு அங்கே ஒரு சோதனை உண்டு. தலைவர் நல்லண்ணன், "பருந்து!" என்று கத்துவார். குட்டிகள் கிளையோடு கிளையாக ஒட்டிக்கொள்ள வேண்டும். "போச்சு!" என்று அவர் சொல்லும்வரை வால்கூட அசையக் கூடாது.

"பருந்து!"

மூத்ததும் இளையதும் அப்படியே ஒட்டிக்கொண்டன. நடுக்குட்டி வாலை ஆட்டியது. பிறகு எகிறிக் குதித்தே விட்டது!

"பார்த்தீர்களா! நான் அன்றைக்கே சொன்னேன்!" என்று சிறகடித்தாள் மாரக்கா.

"டவர் பிள்ளைகளுக்குப் பொந்து கிடையாது!" என்றார் நல்லண்ணன்.

வெள்ளாத்தா தலைவரின் முன்னால் வந்து நின்றாள். தலை குனியவில்லை.

"தலைவரே, இந்த மரத்தில் பிறந்த குட்டிகளைச் சோதித்தீர்களா?"

"அவர்களை எதற்கு? நம் பிள்ளைகள் ஆயிற்றே!"

"அலை படாத பிள்ளை குதிக்குமா, குதிக்காதா என்று தெரியாமல், என் பிள்ளை அலையால்தான் குதித்தது என்று எப்படிச் சொன்னீர்கள்? ஒற்றைத் தட்டில் நிறுக்கிற தராசு உண்டா? கூப்பிடுங்கள் அவர்களையும்!"

"அதானே!" என்றது கூட்டம். நல்லண்ணனுக்கு வேறு வழியில்லை. ஒன்பது குட்டிகள் வந்து நின்றன.

"பருந்து!"

ஒன்பதில் நான்கு குதித்தன! அதிலும் ஒன்று நல்லண்ணனின் தலைமேலேயே ஏறியது. அது அவருடைய சொந்தப் பேரன்!

மரமே குலுங்கிச் சிரித்தது.

"இந்த நான்கும் எந்த டவரில் பிறந்தன, மாரக்கா?" என்று கேட்டாள் வெள்ளாத்தா. மாரக்கா அடுத்த கிளைக்குப் பறந்துவிட்டாள்.

நல்லண்ணன் பேரனை இறக்கிவிட்டார். "அப்படியானால் அலையால் ஒன்றும் ஆகாது என்கிறாயா, தாயி?"

"அது எனக்குத் தெரியாது, தலைவரே. மூன்று குட்டிகளை வைத்து யாராலும் சொல்ல முடியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்!"

நல்லண்ணன் வெட்கிப்போனார். "தப்பு என்னுடையது. பொந்து எல்லாருக்கும் உண்டு. குதித்த ஐந்தும் மழை வருவதற்குள் அசையாமல் இருக்கப் பழகிக்கொள்ளட்டும்!"

"நட ராசா, நீதான் முதலில்!" என்று நடுக்குட்டியை முன்னால் விட்டு, வாலை நிமிர்த்திக்கொண்டு ஏறினாள் வெள்ளாத்தா.

ஒப்பிட்டுப் பார்க்காமல் பழி சொல்லாதே. அந்தப் பழி உன் வீட்டுப் பிள்ளைமேலேயே வந்து விழும்.