வற்றாத குளம்

“இன்னைக்கும் ஒரு மான் செத்துப்போச்சு அம்மா.”

உலகம்மை பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

மலையடிவாரத்து மடம் அது. மடத்தின் தலைவி உலகம்மைக்கு நாற்பது வயது. சேதி கொண்டுவந்த சீடர் குற்றாலிங்கத்துக்கு அறுபதுக்கு மேல். அரிசி ஆலையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுப் புண்ணியம் தேடி வந்த மனுஷர்.

அவர் வந்த முதல் கோடையில் மடத்துக் குளம் வற்றியது. பங்குனி பிறந்தால் அது வற்றும். எப்போதும் அப்படித்தான். மான்கள் வெடித்த சேற்றை முகர்ந்து பார்த்தன. மலைக்கு அந்தப் பக்கம் ஆற்றைத் தேடி நடந்தன.

குற்றாலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. ஆழ்துளைக் கிணறு போட்டார். வெயிலில் ஓடும் மோட்டார் வைத்தார். அதோடு விட்டாரா? சந்நிதியில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியமும் பண்ணினார்: நான் இருக்கிறவரை இந்தக் குளம் வற்றாது.

வற்றவில்லை.

மான்கள் ஆற்றுப் பக்கமே போகவில்லை. கரையிலேயே மேய்ந்தன. கரையிலேயே படுத்தன. இப்போது கரையிலேயே சாகின்றன.

“மாட்டு டாக்டர் என்ன சொன்னார்?” என்றாள் உலகம்மை.

“அறுத்துப் பார்த்தார். ஈரல் பூரா புழு. இலை மாதிரி தட்டையா இருக்கு. உப்புக்கட்டியில கலந்து வைக்க மருந்து கொடுத்தார்.”

“வச்சீரா?”

“வச்சேன். தெளிஞ்சுது. திரும்பவும் விழுந்துட்டு.”

“மருந்து தின்ன மான் எங்கே மேஞ்சுது?”

“நம்ம குளத்தங்கரையிலதான்.”

“ம்.”

அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். “வாரும்.”

முழங்கால் தண்ணீரில் இறங்கி ஒரு பிடி கோரையைப் பிடுங்கினாள். அவர் உள்ளங்கையில் உதறினாள். நகத்தளவு நத்தைகள். கை நிறைய.

“முன்னே இவ்வளவு இருந்துதா?”

“மழைக்கு வரும். கோடையில காணாமப் போயிரும்.”

“புழுவோட குஞ்சு இதுக்குள்ளதான் வளருது. வெளியே வந்து புல்லுல ஒட்டிக்கிடும். புல்லை மான் திங்கும். மான் போடுற புழுக்கையில முட்டை. முட்டை திரும்பத் தண்ணிக்கு வரும்.”

குற்றாலிங்கம் கையை உதறினார். “நத்தைக்கு மருந்து உண்டா அம்மா?”

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையின் மறுபக்கம் இறங்கினாள். அங்கே ஒரு பள்ளம். மழைத்தண்ணீர் நின்று காய்ந்த இடம். பாளம் பாளமாக வெடித்திருந்தது.

காலை வைத்தார். நொறுங்கியது. குனிந்து பார்த்தார். வெளுத்த நத்தைக் கூடுகள். எல்லாம் காலி.

“யார் கொன்னது?” என்றாள்.

குற்றாலிங்கம் அண்ணாந்து பார்த்தார்.

“வெயில்.”

“உண்டே மருந்து.”

“சத்தியம் பண்ணியிருக்கேன் அம்மா. சூடத்தை அணைச்சு.”

“மானைக் கேட்டுக்கிட்டா பண்ணினீர்?”

“முறிச்சா எனக்குப் பாவம் இல்லையா?”

“பாவம்தான்.”

“சீக்கு மான் அவ்வளவு தூரம் ஆத்துக்கு நடக்குமா?”

“சிலது நடக்காது.”

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று நின்றார். அவள் பூசணிக்காயைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஒரு பெண்மான் வந்தது. தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கியது. அவரைப் பார்த்துப் பயப்படவில்லை. அவர் கையில் கீரை தின்று பழகிய மான். குடித்தது. பக்கத்தில் அதன் குட்டியும் குடித்தது.

குற்றாலிங்கம் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு போய் மோட்டாரை நிறுத்தினார். நிறுத்தினால் மறுபடி போடத் தோன்றும். வயரை அறுத்தார். கடப்பாரை கொண்டுவந்து மடையை உடைத்தார். தண்ணீர் காய்ந்த ஓடைக்குள் ஓடி மணலில் மறைந்தது.

வெயில் தன் வேலையைச் செய்தது. சேறு இறுகியது. வெடித்தது.

மான்கள் போகவில்லை. வெடித்த தரையில் நின்று அவர் முகத்தைப் பார்த்தன. காலையிலும் நின்றன. சாயங்காலமும் நின்றன. கீரை கொடுத்த மனுஷர் எப்படியும் தண்ணீரும் விடுவார் என்று நம்பின.

குற்றாலிங்கம் வேட்டி மடியில் கல் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

“போ! ஆத்துக்குப் போ!”

முதல் கல் பெண்மானின் குளம்படியில் விழுந்து புழுதி கிளப்பியது. மான் துள்ளி விலகியது. திரும்பி நின்று பார்த்தது, இவரா என்பது போல.

“போன்னா போ, மூதி!”

இரண்டாவது கல். குட்டி மலைப்பக்கம் ஓடியது. தாய் பின்னால் நடந்தது. மற்றவை இன்னும் நின்றன.

முதுகுக்குப் பின்னால் உலகம்மையின் குரல் கேட்டது.

“அழுகிறீரா?”

“இல்லை அம்மா.” கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு அடுத்த கல்லை எடுத்தார். “மேல படாம எறியணும். குறி பார்க்கேன்.”