நாற்பது வீட்டுப் பட்டு

மேகம் தரையில் படுத்துத் தூங்கும் மலைநாடு ஒன்று இருந்தது. அங்கே ஏழைகள் உண்டா என்று ராஜா கேட்டார். பண்டிதர் சிகாமணி தினம் ஒரு வீடாக நாற்பது நாள் ஆராய்ந்துவிட்டு வந்தார்.

“ஏழையே இல்லை மகாராஜா! நாற்பது வீட்டிலும் மயில்கழுத்து நிறத்தில் பட்டுச்சேலை இருக்கிறது. பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறேன்.”

“அப்படியானால் வீட்டுக்கு ஒரு பட்டு நாளைக்குள் அரண்மனைக்கு வரட்டும். கொடுக்காதவர்கள் மலையை விட்டு இறங்கட்டும்!”

ஊரே கலங்கிப்போனது. மறுநாள் சலவைக்காரி செம்பாயி பனிக்குள்ளிருந்து மிதந்து வருவதுபோல வந்தாள். கையில் ஒரே ஒரு பட்டுச்சேலை.

“நாற்பதும் இதுதானுங்க மகாராஜா. அரண்மனை ஆளு வாசலுக்கு வந்தா கந்தலோட நிக்கக் கூடாதுன்னு எங்க வழக்கம். அதனால ஐயா எந்த வீட்டுக்கு வர்றாரோ, அந்த வீட்டுக்கு இதை இரவல் கொடுத்தேன். இது பனியோட பனியா அவருக்கு முன்னால போய்க்கிட்டே இருந்துச்சு.”

“பொய்! ஒரே சேலை என்றால் எனக்குத் தெரியாதா?” என்று பண்டிதர் கத்தினார்.

“ஏட்டை விட்டுத் தலையைத் தூக்கியிருந்தா தெரிஞ்சிருக்குமுங்க.”

ராஜா சேலையைத் தொட்டார். கனவுபோல விரலில் வழுக்கியது. “இவ்வளவு உயர்ந்த பட்டு உன்னிடம் ஏது?”

செம்பாயி முந்தானை ஓரத்துச் சலவைக்குறியைப் பண்டிதரிடம் காட்டினாள்.

“வெளுக்க வந்த உங்க வீட்டுச் சேலைதானுங்க. உங்க வீட்டம்மா நாற்பது நாளா கேட்டு ஆள் விடுறாங்க. எண்ணி முடிச்சாச்சுன்னா, கையோட எடுத்துட்டுப் போயிடுங்க.”