ஆள்காட்டி உட்கார்ந்த இடம்

"நான் கிட்டப் போகப் போக அதிகமாக் கத்துது. அப்படின்னா முட்டை இங்கதான இருக்கணும், குருவே?"

உழவுக் காட்டின் நடுவில் நின்று ஆவுடையப்பன் கேட்டார்.

குருவே என்று அவர் கூப்பிடுவதே நவமணிக்குப் பிடிக்கவில்லை. அவர் மகள் வயதுதான் அவளுக்கு.

காங்கேயம் பக்கத்தில் இருக்கும் அவள் தோட்டத்தில், பறவை பார்க்க வருகிறவர்கள் வந்து தங்குவார்கள். ஓய்வு பெற்ற கையோடு திருநெல்வேலியிலிருந்து வந்தவர் ஆவுடையப்பன். குரலை வைத்தே அவள் பறவையின் பெயரைச் சொல்வதைக் கண்டு, முதல் நாளே சிஷ்யனாகிவிட்டார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முந்தின நாள் நல்ல மழை. ஈரம் காய்வதற்குள் காட்டை உழுதாக வேண்டும். டிராக்டர் வந்து வரப்போரம் நின்றது. மூவரும் காட்டில் கால் வைத்ததும் ஓர் ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்த ஆரம்பித்தது. அது கூடு கட்டாது. வெறும் தரையில், கல்லோடு கல்லாக முட்டையிடும்.

கொஞ்சம் பொறுக்கும்படி டிராக்டர்காரரிடம் நவமணி கேட்டுக்கொண்டாள். அவர் வெயிலைப் பார்த்துவிட்டு, கொஞ்சந்தான் என்றார்.

ஆவுடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆள்காட்டி முட்டையைப் பார்ப்பது அவருடைய வெகுநாள் ஆசை. குருவி கத்தின பக்கமெல்லாம் ஓடினார்.

அது தரையில் இறங்கியது. வயிற்றை மண்ணில் அழுத்தி, அடைகாப்பதுபோல் உட்கார்ந்தது.

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாய்ந்து போய்ப் பார்த்தார். வெறும் மண்.

குருவி வேறோர் இடத்தில் உட்கார்ந்தது. அங்கேயும் மண்தான்.

டிராக்டர்காரர் இன்ஜினைக் கிளப்பினார்.

"அணைச்சிருங்கண்ணா" என்றாள் நவமணி. பிறகு ஆவுடையப்பனிடம், "நீங்க இங்க வந்து உக்காருங்க" என்றாள்.

"டிராக்டர் இறங்கினா முட்டை கூழாயிரும். இப்பப் போய் உக்காரச் சொல்லுதீங்களே?"

"உக்காருங்க."

மூவரும் டிராக்டருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள்.

கத்தல் நின்றது.

குருவி இறங்கியது. நாலடி நடந்தது, நின்றது, மறுபடி நடந்தது. பைனாகுலரை அழுத்திப் பிடித்திருந்த ஆவுடையப்பன் மூச்சுவிடவே மறந்துபோனார். கத்தின இடத்துக்கு அது போகவில்லை. வரப்பை நோக்கி வந்தது. அக்கம்பக்கம் பார்த்தது. காலை மாற்றி மாற்றி வைத்து மெல்ல உட்கார்ந்தது. இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை.

"அங்க" என்றார். கண் கலங்கிவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

சிவப்புத் துணி கட்டிய ஒரு குச்சியை நவமணி நீட்டினாள். உழவு சுற்றிப் போவதற்கு அது அடையாளம்.

அவர் அந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நடந்தார். குருவி எழும்பிக் கத்தியது. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.

நாலு முட்டைகள். மண் நிறம், மேலே கறுப்புத் திட்டுகள். பக்கத்தில் குச்சியை ஊன்றினார். சின்னப் பிள்ளை மாதிரி குதிக்க வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

குதிக்கவில்லை.

முட்டைகளுக்கு ஒரு சாண் தள்ளி, ஈர மண்ணில் ஏற்கெனவே ஒரு ஷூ தடம் பதிந்திருந்தது. அடிப்பாகத்துக் கோடுகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. அது அவருடைய ஷூதான்.

"படம் எடுத்துக்கிட்டுச் சீக்கிரம் வாங்க. குருவி வந்து உக்காரணுமில்லீங்க" என்று வரப்பிலிருந்து நவமணி குரல் கொடுத்தாள்.

கேமரா கழுத்தில்தான் தொங்கியது. ஆவுடையப்பன் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றார்.

"படம் கிடக்கட்டும்மா. இந்தக் காலை எங்க வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க."