ஒற்றைக்கால் கடற்காகம்

"மூன்று மாதமாக இந்தச் சேற்றோரம் உட்கார்ந்து பறவை பார்க்கிறேன், ஆசான். கோபம் துளியும் குறையவில்லை. முதுகுவலிதான் மிச்சம்."

சொன்னவர் எஸ்தர் டீச்சர். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று.

ஆசான் சந்தியாகுவுக்கு முப்பத்தைந்துதான். தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்தைத் தாண்டிக் கடலோரக் குடிசையில் இருந்தார். மனசு சரியில்லாதவர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

டீச்சர் வந்தது தம்பி தவசிங்கால்.

எட்டு வருஷத்துக்கு முன், அம்மாவின் அடக்க ஆராதனைக்குக் குடித்துவிட்டு வந்தான். தள்ளாடிப் பெட்டியின் மேலேயே விழுந்தான். ஊரே பார்த்தது. அன்றிலிருந்து டீச்சர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

குடியை விட்டு நாலு வருஷமாகிறது என்று ஆள்மேல் ஆளாகச் சொல்லி அனுப்பினான். டீச்சர் நம்பவில்லை.

"கோபம் தீர வழி கேட்டேன். ஞாயிறுதோறும் வந்து, கண்ணில் படுகிற பறவையை எல்லாம் நோட்டில் எழுதச் சொன்னீர்கள்."

"எழுதினீர்களா, டீச்சர்?"

"எழுதாமல் என்ன?"

நோட்டை நீட்டினார். ஆசான் புரட்டினார். உள்ளான், ஆலா, பூநாரை. எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பு மையில் கோடு.

"கடற்காகத்தில் ஒற்றைக்காலி இரண்டு என்று போட்டிருக்கிறீர்கள்."

"இரண்டுதான். டிசம்பரில் நின்றது வெள்ளைத்தலை. அப்புறம் ஆறு வாரம் நான் காய்ச்சலில் கிடந்தேன். திரும்ப வந்து பார்த்தால் அது போய்விட்டது. அதே இடத்தில் பழுப்புத்தலை ஒன்று நிற்கிறது."

"எந்தக் கால் இல்லை?"

"இடது கால்."

"முதல் பறவைக்கு?"

டீச்சர் நோட்டை வாங்கிப் பின்னால் புரட்டினார். இடது கால். மேல் அலகில் சின்ன வெட்டு. முன்னால் புரட்டினார். அங்கேயும் அதே வெட்டு. இரண்டும் அவர் கையெழுத்துதான்.

"பனி முடிந்து வடக்கே கிளம்புகிற சமயத்தில் இதுகளுக்குத் தலை நிறம் மாறும்" என்றார் ஆசான்.

"இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாமே."

"நம்பியிருப்பீர்களா?"

டீச்சர் நோட்டைப் படாரென்று மூடினார். வீட்டுக்குப் போக எழுந்து திரும்பினார்.

உப்பளப் பாதையில் ஒருவன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். முகம் தெரியாத தூரம். ஆனால் ஒரு தோளைச் சாய்த்து நிற்கிற விதம் போதும்.

"அவனை நீங்கள்தான் வரச் சொன்னீர்களா?"

"இல்லை. நீங்கள் வருகிற ஞாயிறெல்லாம் அவரும் வருகிறார். கொஞ்ச நேரம் நிற்பார், போய்விடுவார். நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்."

"போகச் சொல்லுங்கள்."

"நீங்களே சொல்லுங்கள், டீச்சர்."

டீச்சர் விறுவிறுவென்று நடந்தார். செருப்பு சேற்றில் மாட்டியது. பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டார். எட்டு வருஷமாகச் சேர்த்து வைத்ததை எல்லாம் எந்த வரிசையில் சொல்வதென்று வழியெல்லாம் முணுமுணுத்தார்.

கிட்டே வந்ததும் தவசிங் தலையைக் குனிந்துகொண்டான்.

டீச்சர் வாயைத் திறந்தார். கண் அவன் தலைமேல் போனது.

"உனக்கு எப்போதுடா இப்படி முழுக்க நரைத்தது?"