சேந்தன் அடித்த கற்பூரம்

ஆற்றங்கரை மடத்து அடிகளிடம் ஊர் வழக்குகள் வரும். அவர் வழக்குக் கேட்கையில் பக்கத்தில் ஒரு சீடன் உட்காருவது வழக்கம். மூத்தவன் சேந்தன் அந்த இடத்துக்காக வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தான். அடிகளோ நேற்று வந்த வடுகநாதனை அங்கே உட்காரவைத்தார். அன்றிலிருந்து சேந்தனுக்குச் சோறு இறங்கவில்லை. வடுகன் சிரித்தாலும் வயிறு எரிந்தது, தும்மினாலும் எரிந்தது.

ஒரு நாள் காலையில் குப்பாயி என்ற விதவை அழுதுகொண்டு வந்தாள். மடத்துக் குளத்தின் மடையை யாரோ திறந்து போட்டுவிட்டார்கள். அவள் புதிதாக நட்ட பயிர் முழுக்க வெள்ளத்தில் போய்விட்டது.

"யார் திறந்தது?" என்றார் அடிகள்.

சேந்தன் முந்திக்கொண்டான். பூசைத் தட்டில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான்.

"வடுகன்தான் சாமி. என் கண்ணால பார்த்தேன்."

அவன் மடைப் பக்கமே போயிருக்கவில்லை. வாயில் வந்த பெயரைச் சொன்னான். பாவம், பல நாளாக அவன் வாயில் வேறு பெயரே வருவதில்லை.

வடுகன் எழுந்து குப்பாயியின் காலில் விழுந்தான்.

"நான்தான் தாயி. நேத்து விளக்கு வைக்கிற நேரம், மாட்டுக்குத் தண்ணி காட்ட மடையைத் திறந்தேன். மூட மறந்துட்டேன். அங்க ஆளே இல்லேன்னு நெனச்சேன்."

சேந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிவிட்ட பொய் மெய்யாகிவிட்டதே!

மறுநடவு நட்டுக் கொடுக்கச் சொல்லி அடிகள் வடுகனை அவளோடு அனுப்பினார். ஆளெல்லாம் கலைந்ததும் சேந்தன் மெல்லப் போய் அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தான்.

"நேத்து விளக்கு வைக்கிற நேரம் நீ எங்கப்பா இருந்தே?" என்றார் அடிகள்.

அப்போதுதான் சேந்தனுக்கு உறைத்தது. அந்த நேரத்தில் அவன் அடிகளுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"சாமி தூங்கிட்டீங்கன்னு..."

"கண்ணைத்தான் மூடியிருந்தேன்."

சேந்தனுக்கு ரோஷம் வந்தது.

"பொய்ச்சாட்சின்னா என்னன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? சத்தியம் பண்ணியிருக்கணும். வழக்குக்கு வேண்டிய விஷயமா இருக்கணும். சொன்னது பொய்யா இருக்கணும். நான் சொன்னபடிதானே நடந்திருக்கு? மூணாவது எங்க சாமி இருக்கு?"

"பார்த்தேன்னு சொன்னதை விடு. கற்பூரத்தை அடிக்கிறப்போ, வடுகன்தான் திறந்தான்னு நீ நம்பினியா?"



"இல்ல சாமி. வேணும்னா நானும் போய் நாத்து நடுறேன்."

அடிகள் தலையசைத்து மறுத்தார்.

"வடுகன் கெடுத்தது எந்த வயல்னு எனக்குத் தெரியும். நட்டு முடிச்சுட்டு இங்க வந்து உட்காருவான். நீ கெடுத்தது எதுன்னு சொல்லு, உன்னையும் அனுப்புறேன்."