ஐந்து விரல் தடம்

தேரிக்காட்டின் நடுவில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு கிணறு, கழுத்து வரை செம்மணலில் புதைந்த ஏழெட்டுப் பனைகள். காற்றுக் காலத்தில் அந்த மணல் நடமாடும். நேற்று மேடாக இருந்த இடம் இன்று பள்ளமாக இருக்கும். காற்று ஓய்ந்துவிட்டால் அப்படி ஓர் அமைதி வரும், எறும்பு நடந்த தடம்கூட மூன்று நாளைக்குக் கலையாது.

மடத்தில் இருந்தவர் ஆவுடைத்தங்கம். முப்பத்தாறு வயது. பழைய சாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பார்த்துக்கொள்ள வந்தவர், அவர் போன பிறகும் திரும்பிப் போகவில்லை. அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். அதனால் ஊருக்கே அவர் டீச்சர்தான். சாமி என்று யாராவது கும்பிட வந்தால், "சாமி உள்ள இருக்கு, நான் டீச்சர்" என்று வழியை விட்டு ஒதுங்கிக்கொள்வார்.

ஆவணிக் கடைசியில் அங்கே வந்து சேர்ந்தார் தங்கப்பழம். ஐம்பத்து நான்கு வயது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பதினைந்து வயதில் வாயில் வைத்த பீடி. இடது காலில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் கறுத்து, செத்து, பெரியாஸ்பத்திரியில் எடுத்தாகிவிட்டது. அப்புறமும் மனைவிக்குத் தெரியாமல் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று குடித்தார். மூன்றாவது விரலின் நுனியில் மிளகளவு கறுப்பு தெரிந்தபோது டாக்டர் கத்தவில்லை, திட்டவில்லை. முழங்காலுக்குக் கீழே விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். இன்னும் ஒரு பீடி குடித்தால் அடுத்தது இந்த இடம் என்றார்.

அன்றைக்கு விட்டதுதான். மடத்துக்கு வந்தபோது பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

"வாய் கேக்குது டீச்சர். அதுகூட பரவால்ல, பல்லைக் கடிச்சுக்கிடலாம். மனசு செத்துல்லா கிடக்கு. சோறு மண்ணா இருக்கு. பேத்தி ஆசையா வந்து மடியில உக்காந்தா. தூக்கி கீழ இறக்கி விட்டுட்டேன். ஏன்னு கேட்டா எனக்கே தெரியல."

டீச்சர் அவருடைய காலைப் பார்த்தார். பிறகு, "கிணத்தச் சுத்தி மணல் ஏறிட்டு அண்ணாச்சி. தள்ளிக் குடுங்க" என்றார்.

அவ்வளவுதான் உபதேசம். தங்கப்பழம் மணல் தள்ளினார். தள்ளிய இடத்திலேயே அது மெல்லச் சரிந்து திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் காலை, கட்டன் சாயா குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். அந்த நேரத்துக்குத்தான் எப்போதும் முதல் பீடி. தலைக்குள் ஏதோ கிறுகிறு என்றது. நிமிர்ந்து பார்த்தால், கடைசிப் பனைக்கு அடியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்.

முதுகுதான் தெரிந்தது. காக்கிச் சட்டை, தோளில் துண்டு. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். தங்கப்பழம் கிணற்றுப் பக்கம் திரும்பி வாளியை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தபோது பனை மட்டும் இருந்தது.

பதினொரு மணிக்கு வந்தான். நாலு மணிக்கு வந்தான். பொழுது சாயும்போது வந்தான். தங்கப்பழம் பீடி குடிக்கும் நேரம் நாலும் தப்பவில்லை.

மறுநாள் அவன் போன பிறகு தங்கப்பழம் பனையடிக்குப் போனார். மணலில் உட்கார்ந்த குழி இருந்தது. கையை வைத்தால் இளஞ்சூடு. குழியிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தூரம் தடம் போய், நடு மணலில் நின்றுவிட்டது. வெறுங்கால் தடம். வலது குதிகால் மட்டும் அழுந்திப் பதிந்திருந்தது, ஆக்சிலேட்டரில் வைத்து வைத்துப் பழகிய கால் மாதிரி. தங்கப்பழம் தன் வலது காலை அதன் மேல் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. இடது காலை வைத்தார். அங்கே இரண்டு விரல் அதிகமாக இருந்தது.

காலை எடுத்துவிட்டார். பயம் வரவேண்டிய இடத்தில் அழுகை வந்தது.

இதையெல்லாம் அவர் டீச்சரிடம் உடனே சொல்லவில்லை. கிழட்டு வயதில் பேய் பார்க்கிறான் என்று ஆகிவிடக்கூடாது. தானே சமாளித்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றார். கல்லை எடுத்து வீசினார், அது மணலில் விழுந்தது. லாரிக்காரர்கள் டோல்கேட்டில் திட்டும் திட்டையெல்லாம் திட்டினார். அவன் அசையவில்லை.

ஆறாம் நாள் நாலு மணிக்கு, அவன் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினான். விரல் இடுக்கில் பற்றவைக்காத பீடி.

நெருப்பு கேட்கிறான்.

லாரி ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. காசு கேட்டால் இல்லை எனலாம். சோறு கேட்டால்கூட இல்லை எனலாம். நெருப்பு கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. வெட்டுக்குத்து வரைக்கும் போன பகையாளி கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. முப்பது வருஷத்தில் தங்கப்பழம் அதை ஒரு தடவைகூட மீறியதில்லை. விளக்கேற்ற வைத்திருந்த தீப்பெட்டி மடியில் இருந்தது. கை தானாகப் போய் எடுத்தது. பெட்டியை அவன் பக்கமாக வீசினார்.

குச்சி உரசும் சத்தம் கேட்டது. புகை வந்தது. தங்கப்பழம் மூக்கை நீட்டி, இருந்த இடத்திலிருந்தே அதை இழுத்தார். பீடியை விட்டதிலிருந்து அன்றுதான் நெஞ்சு நிறைந்தது.

அன்று அவன் பொழுது அடையும் வரை போகவில்லை. அடுத்த நாள் காலையில் கடைசிப் பனையை விட்டுவிட்டு, இரண்டு பனை முன்னால் வந்து உட்கார்ந்தான்.

தங்கப்பழம் அப்போதுதான் டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சிரிக்கவில்லை. பனையடியைப் பார்க்கவும் எழுந்து போகவில்லை.

"விரட்டுனா போறாரா?"

"போகல."

"நெருப்பு குடுத்தா?"

"கிட்ட வாரான்."

"ஒண்ணுமே செய்யலன்னா எவ்வளவு நேரம் இருப்பாரு?"

தங்கப்பழத்துக்குத் தெரியவில்லை. ஒன்றுமே செய்யாமல் இருந்து பார்த்ததில்லை.

"பாத்து வந்து சொல்லுங்க" என்று டீச்சர் கீரைத் தண்டை ஒடித்தார்.

அன்று பதினொரு மணிக்கு அவன் வந்ததும் தங்கப்பழம் பனை நிழலின் ஓரத்தில் ஒரு ஈர்க்குச்சியை நட்டார். அவன் கை நீட்டினான். தங்கப்பழத்தின் உடம்பெல்லாம் பறந்தது. கொடுக்கவும் இல்லை, கல்லெடுக்கவும் இல்லை. நிழல் ஊர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் எழுந்து போனதும், நிழல் அப்போது எட்டியிருந்த இடத்தில் இன்னொரு குச்சி நட்டார். இரண்டுக்கும் நடுவில் நாலு விரற்கடை.

அடுத்த நாளும் நாலு. அதற்கடுத்த நாள் நாலரை. பிறகு மூன்று. பிறகு இரண்டு. அவனும் பழையபடி கடைசிப் பனைக்கே தள்ளிப் போயிருந்தான். காக்கிச் சட்டையின் ஊடே பனையின் செதில் தெரிவது போலக்கூட இருந்தது.

"குறையுது டீச்சர்" என்று வந்து சொன்னார்.

"சந்தோஷம்தானே?"

தங்கப்பழம் மணல் தள்ளப் போய்விட்டார்.

மடத்துக்கு வந்த பதினாலாம் நாள் காலையில் அவன் வரவில்லை. பதினொரு மணிக்கும் வரவில்லை. தங்கப்பழம் ஈர்க்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்குப் பனையடி வெறிச்சென்று இருந்தது. பொழுது சாய்ந்தது. வாய் எதையும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஊரே காலி பண்ணிப் போய்விட்டது போலவும், தன்னை மட்டும் மறந்து விட்டுவிட்டது போலவும் இருந்தது. கஞ்சியைத் தொடவில்லை. டீச்சரும் வற்புறுத்தவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் தங்கப்பழம் கடைசிப் பனைக்குப் போனார். குழி ஆறிக் கிடந்தது. எங்கே போனான் இவன் என்று கொஞ்ச தூரம் நடந்தார். ஒரு மேட்டில் ஏறினால் தெரியும் என்று தோன்றியது. ஏறினார். அடுத்த மேடு தெரிந்தது.

பிறகு நடந்தது அவருக்கு நினைவில்லை.

நினைவு வந்தபோது தேரி முடிந்து, தார்ச் சாலையோரப் பெட்டிக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தார். உதட்டில் பீடி இருந்தது. ஒரு கையில், கடைத் தூணில் கட்டித் தொங்கவிட்டிருந்த கயிறு. அதன் நுனியில் நெருப்பு கனிந்துகொண்டிருந்தது. முகத்தில் அந்தச் சூடு பட்டது.

கடைக்காரர் சிலுவைமுத்து, இந்தப் பக்கம் லாரி ஓட்டிய காலத்திலிருந்து பழக்கம். "என்ன வே, மடத்துல விரதம் முடிஞ்சிட்டா?" என்று சிரித்தார். "இன்னைக்காவது வாயத் தொறந்து கேட்டீரே. நேத்து பூரா பேசா மடந்தையாட்டம்லா இருந்தீரு."

"நேத்தா?"

"நேத்துதான். காலையிலேருந்து பொழுதடையுற வரைக்கும் அந்தா அந்தக் கல்லுல அந்தப் பக்கமா திரும்பி உக்காந்திருந்தீரு. காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு. நாலு தடவ கூப்பிட்டேன், திரும்பல. சாமியார் ஆயிட்டா எங்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியாதோ?"

தங்கப்பழத்தின் உடம்பில் இருந்தது வெள்ளைப் பனியன். காக்கிச் சட்டையை அவர் லாரியோடு சேர்த்து விட்டு மூன்று வருஷம் ஆகிறது.

அவர் மெல்லத் திரும்பி, தான் வந்த வழியைப் பார்த்தார். செம்மேட்டிலிருந்து கடை வரைக்கும் ஒரே ஒரு ஆள் நடந்த தடம். வேறு தடமே இல்லை. குனிந்து பார்த்தார். வலது குதிகால் அழுந்தியிருந்தது. இடது காலில் ஐந்து விரலும் இருந்தன.

தங்கப்பழம் தன் காலைப் பார்த்தார். மூன்று.

கயிற்று நெருப்பு உதட்டுக்கு நாலு விரல் தூரத்தில் இருந்தது. சிலுவைமுத்து பேச்சை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். ஒரு பஸ் போனது. அது போன சத்தமும் அடங்கியது. தங்கப்பழம் கயிற்றை விட்டார். உதட்டிலிருந்த பீடியை எடுத்து, ஈரத்தைப் பனியனில் துடைத்து, மிட்டாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஏன் வே, பேயடிச்சாப்ல இருக்கீரு?" என்று சிலுவைமுத்து பின்னாலிருந்து கேட்டார்.

திரும்பி நடக்கும்போது அந்தத் தடத்தை மிதிக்காமல் ஓரமாகவே நடந்தார். தன் கால் எப்படிப் பதிகிறது என்று குனிந்து பார்க்கத் துணிவு வரவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும், வழி குறுகலான இடத்தில் அவர் இரண்டு தடவை ஒதுங்கி இடம் விட்டார்.

மடத்து வாசலில் டீச்சர் நின்றிருந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. தங்கப்பழம் மணலில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். நெருப்பு உதடு வரை வந்ததையும் மறைக்கவில்லை.

"அவனுக்குக் கால் ரெண்டும் முழுசா இருக்கு டீச்சர். ராத்திரி பகல் முழிச்சு ஓட்டுவான். எங்க நிறுத்துனாலும் அவனச் சுத்தி நாலு பேர் இருப்பாங்க. நான் தேடுனது பீடிய இல்ல. அவனத்தான். கெடைக்க மாட்டான்னு அங்க வச்சுத் தெரிஞ்சு போச்சு."

டீச்சர் உள்ளே போய் ஒரு கோரைப்பாயை எடுத்து வந்தார். மணலில் விரித்து, அவருக்குப் பக்கத்தில், பனைகளைப் பார்த்தாற்போல உட்கார்ந்தார். பதினொரு மணி வந்து போனது. அடுப்புப் பற்றவைக்கவில்லை. வழியோடு வந்த ஒரு விறகுக்காரி இருவரையும் பார்த்துவிட்டு, எதற்கென்று கேட்காமல் கொஞ்ச நேரம் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனாள்.

தங்கப்பழம் அவள் போவதையே பார்த்தார். சாவு வீட்டிலிருந்துதான் அப்படிப் போவார்கள். போய் வருகிறேன் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

"டீச்சர், இது என்ன, துட்டி கேட்டு வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"ஆமா அண்ணாச்சி."

"இந்த மனசு இப்படியே எத்தன நாளைக்குக் கிடக்கும்?"

"அவரு கூட எத்தன வருஷம் இருந்தீங்க?"

"முப்பத்தொம்பது."

டீச்சர் பனையடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"முப்பத்தொம்பது வருஷம் கூட இருந்தவரு. அவருக்கு அழ உங்கள விட்டா யாரு இருக்கா?"